40 வயதில் ஸ்ட்ரோக், பி.பி. இல்லை, சுகர் இல்லை: மூளை ரத்தக் குழாயைப் பாதிக்கும் பரம்பரை மரபணுக்கள்

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது 50 வயதுக்கு முன்பே பக்கவாதம் வந்திருக்கிறதா? அப்பாவுக்கோ, சித்தப்பாவுக்கோ, அத்தைக்கோ?

அப்போது வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "ஓவர் டென்ஷன்", "நைட்டெல்லாம் தூங்கலை, அதான்", "நேரம் சரியில்லை". பெரும்பாலான வீடுகளில் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

உண்மையில் பெரும்பாலான பக்கவாதங்களுக்குக் காரணம் நமக்குத் தெரிந்தவைதான். இந்தியா உட்பட 32 நாடுகளில் நடந்து, 2016-ல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வின்படி, உயர் ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உடற்பயிற்சி இல்லாமை உள்ளிட்ட 10 காரணிகள் சேர்ந்து சுமார் 90 சதவீத பக்கவாத ஆபத்துக்குப் பொறுப்பு.

ஆனால் சில குடும்பங்களில் கதை வேறு. பி.பி. நார்மல், சுகர் நார்மல், சிகரெட் தொட்டதில்லை. இருந்தும் ஒரு தலைமுறையில் ஒருவர், அடுத்த தலைமுறையில் இருவர் என்று 40, 50 வயதிலேயே பாதிக்கப்படுகிறார்கள். இந்தக் குடும்பங்களில் மருத்துவர்கள் தேடுவது ஒரே ஒரு மரபணுவில் உள்ள மாற்றத்தை.

அந்த மாற்றம் மூளையின் ரத்தக் குழாயை என்ன செய்கிறது? உங்களுக்கும் வந்திருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்கணுமா? தெரிந்தால் என்ன செய்ய முடியும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மூளைக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள்

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. சேமித்து வைக்கும் வசதியும் மூளைக்கு இல்லை. ரத்தம் சில நிமிடங்கள் நின்றாலே அந்தப் பகுதி செல்கள் சாகத் தொடங்கிவிடும்.

கழுத்து வழியாக ஏறும் பெரிய தமனிகள் மூளையின் அடிப்பகுதியில் கிளை பிரிந்து, கடைசியில் தலைமுடி அளவுக்கு மெல்லிய குழாய்களாக உள்ளே நுழைகின்றன. பெரிய தமனியில் அடைப்பு வந்தால் கை கால் விழுந்துவிடும், எல்லோருக்கும் தெரியும். மெல்லிய குழாய்கள் கெட்டுப்போனால் பல ஆண்டுகள் வெளியே எதுவுமே தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் மட்டும் மூளையின் வெண்பகுதியில் வெள்ளைத் திட்டுகளும், சின்னச் சின்னக் குழிகளும், ஊசிமுனை அளவு ரத்தக் கசிவுகளும் தெரியும்.

இதற்குப் பெயர் சிறு ரத்தக் குழாய் நோய். வயதானவர்களிடம் பி.பி.யால் வருவதுதான் அதிகம். இளம் வயதில், காரணமே இல்லாமல் வந்தால்தான் பரம்பரை பற்றிய கேள்வி எழுகிறது.

பாரிஸில் தொடங்கிய தேடல்

1976-ல் பாரிஸில் நரம்பியல் மருத்துவர் மரி-ஜெர்மேன் பூசேரிடம் 50 வயதை ஒட்டிய ஒருவர் வந்தார். பலமுறை சிறு பக்கவாதம் வந்திருந்தது. வழக்கமான காரணம் எதுவும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அவருடைய பிள்ளைகளிடமும் உறவினர்களிடமும் அதே மாதிரியான பாதிப்பு தெரிந்தபோது, இது ஒரு தனி நோய் என்று குழுவினர் முடிவுக்கு வந்தார்கள்.

1993-ல் இந்த நோய்க்குக் காரணமான மரபணு 19-வது குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. நோய்க்கு 'கடாசில்' என்று பெயர் வைத்தார்கள். 1996-ல் ஆன் ஜுட்டெல், எலிசபெத் துர்னியே-லாசெர்வ் உள்ளிட்டோர் அந்த மரபணுவையே கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் நாட்ச்3. இந்தப் பணிக்காக இவர்கள் மூவருக்கும், யூக் ஷப்ரியா என்ற மருத்துவருக்கும் 2019-ம் ஆண்டின் பிரெய்ன் பிரைஸ் விருது கிடைத்தது.

ஒரே மரபணுவால் வரும் மூளைச் சிறு ரத்தக் குழாய் நோய்களில் உலகில் அதிகமாகக் காணப்படுவது கடாசில்தான்.

ஒரு சிஸ்டீன் மாறினால் என்ன ஆகும்?

ரத்தக் குழாயின் சுவரில் மென்தசை செல்கள் இருக்கின்றன. குழாய் சுருங்குவதும் விரிவதும் இவற்றால்தான். மூளையில் ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்யும்போது அங்கே கூடுதல் ரத்தத்தை அனுப்புவது இந்தச் சுருக்கமும் விரிவும்தான். நாட்ச்3 மரபணு உருவாக்கும் புரதம் இந்தச் செல்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் புரதத்தின் வெளிப்பகுதியில் ஒரே மாதிரியான 34 கண்ணிகள் சங்கிலி போல வரிசையாக உள்ளன. ஒவ்வொரு கண்ணியிலும் 6 சிஸ்டீன் அமினோ அமிலங்கள். 6 பேர் இரண்டு இரண்டு பேராகக் கைகோர்த்து நிற்பது போல, இவை 3 ஜோடிகளாக இணைந்து கண்ணியின் வடிவத்தைக் காக்கின்றன.

கடாசில் மாற்றத்தில் இந்த எண்ணிக்கை 5 ஆகக் குறையும் அல்லது 7 ஆகக் கூடும். ஜோடி இல்லாமல் நிற்கும் அந்த ஒன்று, பக்கத்தில் இருக்கும் வேறு புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. பல ஆண்டுகளில் அது கட்டி கட்டியாகக் குழாயைச் சுற்றிப் படிகிறது. மென்தசை செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. சுவர் தடித்து, குழாய் விரியும் தன்மையை இழக்கிறது.

பிறக்கும்போதே இருக்கும் ஒரு மாற்றம் 40 வயதில் பக்கவாதமாக வெளிப்படுவதற்கு இந்த மெதுவான படிவுதான் காரணம். இந்தப் படிவு உடல் முழுக்க இருக்கும் குழாய்களிலும் நடப்பதால், சில நேரம் தோலில் ஒரு சிறு துண்டு எடுத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தே நோயைக் கண்டறிகிறார்கள்.

20-களில், 30-களில் என்ன தெரியும்?

இந்த வயதில் முதலில் தெரியக்கூடியது ஒற்றைத் தலைவலி. அதுவும் 'ஆரா' உடன் வரும் ஒற்றைத் தலைவலி. அதாவது, தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள், பார்வையில் மறைப்பு, கையில் மரத்துப்போகும் உணர்வு. கடாசில் உள்ளவர்களில் பலருக்கு இது 30 வயதை ஒட்டித் தொடங்குகிறது.

உடனே பதற வேண்டாம். ஆரா உள்ள மைக்ரேன் மிகச் சாதாரணமானது, அது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு கடாசில் இல்லை. மைக்ரேனோடு குடும்பத்தில் இளவயது பக்கவாதமும் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து வருவது மனநிலை மாற்றம். மனச்சோர்வு, எதிலும் ஆர்வமின்மை, முன்பு எளிதாகச் செய்த வேலையைத் திட்டமிட்டு முடிக்க முடியாத நிலை. ஆபீஸில் "என்னப்பா, முன்ன மாதிரி இல்லையே" என்று சொல்வார்கள். பிறகு 45, 50 வயதில் சிறு பக்கவாதங்கள். அவை திரும்பத் திரும்ப வரும்போது நடை தடுமாறும், நினைவாற்றலும் குறையும்.

எம்.ஆர்.ஐ.யில் திட்டுகள் இதற்கெல்லாம் முன்பே தெரியத் தொடங்கும். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியின் முன்முனையில் அந்தத் திட்டுகள் இருந்தால் மருத்துவர்களுக்குக் கடாசில் ஞாபகம் வரும். குடும்ப வரலாறு கேட்கப்படாவிட்டால், இதே திட்டுகளை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தவறாகக் கருதி, தேவையில்லாத மருந்துகளைக் கொடுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

கடாசில் மட்டுமா?

இல்லை. இன்னும் சில மரபணுக்கள் இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் படித்த ஓங்கு, ஒடுங்கு பண்புகளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். கடாசில் ஓங்கு வகை. அம்மா, அப்பா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

ஹெச்டிஆர்ஏ1: இந்த மரபணுவால் வரும் 'காராசில்' நோய் ஜப்பானியக் குடும்பங்களில்தான் முதலில் விவரிக்கப்பட்டது. மரபணு 2009-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இது ஒடுங்கு வகை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் மாற்றம் வர வேண்டும். இளம் வயதிலேயே முடி கொட்டுவது, கடுமையான முதுகுவலி, 30-களில் பக்கவாதம் ஆகியவை சேர்ந்து வருவது இதன் அடையாளம். ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் உள்ள சிலருக்கும், கொஞ்சம் தாமதமாக, மிதமான பாதிப்பு வரலாம் என்று பிறகு தெரிந்தது. ஒடுங்கு வகை நோய்களுக்கு உறவுக்குள் திருமணம் வாய்ப்பைக் கூட்டும். அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் நாட்டிலேயே அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பதால் நாம் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சிஓஎல்4ஏ1: குழாய்ச் சுவரின் அடித்தளமாக இருக்கும் கொலாஜனை உருவாக்கும் மரபணு. இது பழுதானால் குழாய் பலவீனமாகி, மூளையில் ரத்தக் கசிவு ஏற்படலாம். சிலருக்குப் பிறக்கும் சமயத்திலேயே நடக்கிறது, சிலருக்குப் பெரியவர்களான பிறகு. சிறுநீரகம், கண் பாதிப்பும் சேர்ந்து வரலாம். இது இருப்பது தெரிந்தால் தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்வார்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்துகளை மிகுந்த எச்சரிக்கையோடு கொடுப்பார்கள்.

ஃபேப்ரி நோய்: எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால், ஒரு வகைக் கொழுப்பை உடைக்கும் என்சைம் குறைந்துபோகிறது. சின்ன வயதிலிருந்தே கை கால் எரிச்சல், வியர்வை குறைவு, பிறகு சிறுநீரகம், இதயம், மூளை பாதிப்பு. இதற்கு என்சைமை ஊசி மூலம் செலுத்தும் சிகிச்சை 2001-லேயே ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

அரிவாள் செல் நோய்: இதில் மாற்றம் ஹீமோகுளோபின் மரபணுவில். ஆனால் மூளையின் பெரிய தமனிகளைச் சுருங்கச் செய்து, குழந்தைகளுக்கே பக்கவாதம் வரவைக்கிறது. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம். இதை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன பயன் என்பதற்கு அரிவாள் செல் நோயே நல்ல உதாரணம். தலையில் வலியில்லாத ஒரு அல்ட்ராசவுண்ட் மூலம் ஆபத்தில் உள்ள குழந்தைகளைக் கண்டுபிடித்து, தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாத ஆபத்து சுமார் 90 சதவீதம் குறைவதை 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

மரபணு இருந்தால் நோய் நிச்சயமா?

முன்பு அப்படித்தான் நினைத்தார்கள். ஏனென்றால் மருத்துவர்கள் பார்த்ததெல்லாம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களை மட்டுமே.

மருத்துவமனைப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டால் கடாசில் ஒரு லட்சம் பேரில் 2 முதல் 5 பேருக்கு இருக்கும் அரிய நோய். ஆனால் பொதுமக்களின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தபோது, சிஸ்டீன் எண்ணிக்கையை மாற்றும் நாட்ச்3 மாற்றம் 1,000 பேரில் 2 முதல் 3 பேரிடம் இருப்பது தெரிந்தது. தெற்காசியர்களிடம் இந்த விகிதம் உலக சராசரியைவிட அதிகம்.

இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி பாருங்கள். அந்த மாற்றம் உள்ள பலர் நோய் என்று தெரியாமலேயே வாழ்கிறார்கள். சிலருக்கு 70 வயது தாண்டித்தான் லேசாக ஏதாவது தெரிகிறது.

இதற்கு ஒரு காரணம், மாற்றம் எந்தக் கண்ணியில் இருக்கிறது என்பது. 34 கண்ணிகளில் முதல் 6-ல் மாற்றம் உள்ளவர்களுக்கு, மற்றக் கண்ணிகளில் உள்ளவர்களைவிடச் சுமார் 12 ஆண்டுகள் முன்னதாகவே பக்கவாதம் வருவதாக 2019-ல் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

இன்னொரு காரணம் உங்கள் கையில் இருக்கிறது. கடாசில் உள்ளவர்களிலும் சிகரெட் பிடிப்பவர்களுக்கும், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் பக்கவாத ஆபத்து கூடுதல். குழாய்ச் சுவர் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும்போது பி.பி.யும் புகையும் அதன் மேல் சுமையை ஏற்றுகின்றன.

சரி, குடும்பத்தில் இப்படி ஒற்றை மரபணு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு? அவர்களுக்கும் மரபணுவின் பங்கு உண்டு, ஆனால் வேறு விதத்தில். 2022-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு, 1.1 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளின் தரவிலிருந்து, ஆபத்தோடு தொடர்புள்ள 89 இடங்களை மரபணுத் தொகுதியில் அடையாளம் கண்டது. இவை ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டும்.

டெஸ்ட் எடுக்கணுமா?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது.

ஏற்கெனவே பக்கவாதம் வந்த, எம்.ஆர்.ஐ.யில் சந்தேகத்துக்கு இடமான திட்டுகள் உள்ள ஒருவருக்கு டெஸ்ட் எடுப்பதில் குழப்பம் இல்லை. நோயின் பெயர் தெரியும், தவறான சிகிச்சை தவிரும். எனவே குடும்பத்தில் முதலில் பரிசோதிக்க வேண்டியவர் பாதிக்கப்பட்டவர்தான். அவரிடம் எந்த மாற்றம் என்று தெரிந்தால், மற்றவர்களிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அறிகுறியே இல்லாத, 28 வயது மகனோ மகளோ டெஸ்ட் எடுப்பதுதான் கடினமான முடிவு. கடாசிலைத் தடுத்து நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. 'பாசிட்டிவ்' என்று தெரிந்துகொண்டு 20 ஆண்டுகள் காத்திருப்பது சிலருக்குப் பெரிய பாரம். இன்னும் சிலருக்கோ, தெரியாமல் பயந்துகொண்டே இருப்பதுதான் பாரம். கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் என்று திட்டமிட அவர்களுக்குப் பதில் தேவைப்படுகிறது.

உங்கள் ரிசல்ட் உங்களுடையது மட்டும் இல்லை என்பதையும் யோசியுங்கள். உங்கள் தங்கை தெரிந்துகொள்ள விரும்பாமல் இருக்கலாம். அவருக்கு அந்த உரிமை உண்டு. அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கு 18 வயதுக்கு முன் இந்த டெஸ்ட் எடுப்பதில்லை என்ற நடைமுறையும் இதனால்தான். பெரியவர்களானதும் அவர்களே முடிவு செய்யட்டும்.

அதனால் டெஸ்டுக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஆன்லைனில் எச்சில் மாதிரி அனுப்பி ரிப்போர்ட் வாங்கும் கிட்டுகளை இந்த விஷயத்தில் நம்பி முடிவெடுக்காதீர்கள். வேலூர் சிஎம்சி, பெங்களூரு நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ், லக்னோ எஸ்ஜிபிஜிஐ போன்ற இடங்களில் மரபணு ஆலோசனை கிடைக்கிறது. குழந்தை பெறத் திட்டமிடுபவர்கள், குடும்பத்தின் மாற்றம் எது என்று தெரிந்திருந்தால், ஐவிஎஃப் முறையில் அந்த மாற்றம் இல்லாத கருவைத் தேர்ந்தெடுக்கும் வழி பற்றியும் கேட்கலாம்.

இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

மரபணு நோய் என்ற பொதுவான காரணத்தைச் சொல்லி ஹெல்த் இன்சூரன்ஸை மறுப்பது பாகுபாடு என்று 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அதற்கு அடுத்த மாதம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, மரபணு நோய்களை விலக்காகக் காட்டி க்ளைமை நிராகரிக்கக் கூடாது, புதிய ஹெல்த் பாலிசிகளில் அந்த விலக்கைச் சேர்க்கவும் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

ஆனால் டேர்ம் பாலிசி போன்ற ஆயுள் காப்பீட்டுக்கு அந்த உத்தரவு பொருந்தாது. அமெரிக்காவில் 2008-ல் வந்தது போல, மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் தனிச் சட்டமும் இந்தியாவில் இல்லை. விண்ணப்பத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையை மறைத்தால் பிறகு க்ளைம் சிக்கலாகும். எனவே டெஸ்ட் எடுக்கும் முன் உங்கள் பாலிசிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இப்போதே செய்யக்கூடியவை

முதலில், வீட்டில் பேசுங்கள். அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு யாருக்கு, எந்த வயதில் பக்கவாதம், மறதி நோய், கடுமையான மைக்ரேன் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டியோ பெரியப்பாவோ சொல்லும் ஒரு வரி, ஸ்கேனைவிட அதிகம் உதவலாம். எழுதிய தாளை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பி.பி.யை இப்போதே பாருங்கள். 25 வயதிலும் அது ஏறியிருக்கலாம். சிகரெட்டை விடுங்கள். "எப்பவாவது ஒண்ணு" என்பதையும் சேர்த்து.

ஆரா உள்ள மைக்ரேன் இருக்கும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். இவர்களுக்கு அந்த மாத்திரை வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், ஏனென்றால் பக்கவாத ஆபத்து கூடும். வேறு வழிகள் நிறைய இருக்கின்றன.

ஆரா பொதுவாக 5 நிமிடங்களுக்கு மேல் எடுத்து மெதுவாகப் பரவும், ஒரு மணி நேரத்துக்குள் மறையும். பக்கவாதம் சட்டென்று வரும். முகம் கோணுதல், கை தளர்வு, பேச்சுக் குழறல், திடீர் பார்வை இழப்பு அல்லது தடுமாற்றம் இருந்தால் 'தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி வழக்கமாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்படுவது.

குடும்பத்தில் ஏதாவது மரபணு மாற்றம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தால், அந்த ரிப்போர்ட்டின் போட்டோவை உங்கள் மொபைலிலும், கூட இருப்பவர் மொபைலிலும் வைத்திருங்கள். எந்த மருந்தைக் கொடுக்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று அவசரப் பிரிவு மருத்துவர் முடிவெடுக்க அது உதவும்.